ஒற்றைத்துறைத் தலைவலி

முத்துக்கரைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் இருப்பதில்லை. அன்றைக்கு இளம் விரிவுரையாளன் ஜெர்சன் இருந்தான். சாப்பிட்ட டப்பாவைக் கழுவிக்கொண்டு நின்றவனிடம், பதிவாளர் அலுவலகத்திலிருந்து வந்த செல்லப்பாண்டி, "வேற சார் யாரும் இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றதும், கொண்டுவந்திருந்த உத்தரவில் பெயருக்காக விட்டிருந்த இடத்தில் அவன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்படித்தான் ஜெர்சன் மூளை ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தான்.

பல்துறை மூளை ஆய்வு மற்றும் பயிற்சி உயர் மையம் என்பது அந்த இடத்தின் முழுப் பெயர். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் புழுதி கிளப்பும் சாலையில், உப்பளங்களைப் பார்த்தபடி புதிதாக எழும்பிய கண்ணாடிக் கட்டடம். பல்துறை என்று பெயர் வைத்துவிட்டதால் எல்லாத் துறையிலிருந்தும் ஓர் ஆளாவது வேண்டியிருந்தது. தமிழ், வணிகவியல், வரலாறு, புவியியல், உடற்கல்வி, நூலகவியல் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு பொருளாதாரம் மட்டும் பாக்கி நின்றது. மூளையைப் படித்த ஆளும் இல்லைதான். அதை யாரும் குறையாக எண்ணவில்லை. நரம்பியலில் ஆராய்ச்சி முடித்த சாத்தான்குளத்துப் பெண் ஒருத்தி நேர்காணலுக்கு வந்திருந்தாளாம். 'விண்ணப்பதாரர் மூளையைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொண்டு வந்திருப்பதால் திறந்த மனத்தோடு செயல்பட இயலாது' என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இயக்குநர் முனைவர் அருணாசலவடிவு கடற்பாசியில் பட்டம் வாங்கியவர். முதல் கூட்டத்தில் அவர் பேசியதை ஜெர்சனால் பிற்பாடு எத்தனை முயன்றும் மறக்க முடியவில்லை.

"நண்பர்களே, உலகம் முழுக்க மூளையை ஆராய்கிறவர்கள் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். அவர்கள் மூளையை மட்டுமே பார்க்கிறார்கள். அந்தத் தவறை நாம் ஒருநாளும் செய்யப்போவதில்லை."

கைதட்டல் அடங்கியதும் மூளையைப் பங்கு பிரித்தார்கள். முன்பக்கத்தை வணிகவியல் எடுத்துக்கொண்டது. ஞாபகம் சம்பந்தப்பட்டதெல்லாம் வரலாற்றுக்குப் போனது. பேச்சு தமிழ்த்துறைக்கு. உடற்கல்விக்குச் சிறுமூளை என்று வாசித்தபோது, அந்தத் துறையின் வில்பிரட் எழுந்துவிட்டார். "எங்களுக்கு மட்டும் என்ன சிறுசு? எப்பவும் இப்படித்தான் மேடம். விளையாட்டு வாத்தியார்னா எளக்காரம்." அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் சிறுமூளைக்குச் சிறப்புமூளை என்று பெயர் மாற்றித் தீர்மானம் போட்ட பிறகுதான் அவர் உட்கார்ந்தார். தாமதமாக வந்த ஜெர்சனுக்கு நடுவில் மிஞ்சிக் கிடந்த ஒரு பகுதி கிடைத்தது. அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டான்.

"தெரியாது. அதனால்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கோம்," என்றார் இயக்குநர்.

பிறகு பயிற்சி தொடங்கியது. இடக்கையால் எழுதுவது, பின்னால் நடப்பது, ஒருவர் நெற்றியை ஒருவர் உற்றுப் பார்ப்பது. பயிற்சி முடித்தவர்களுக்கு முழங்கால் வரை தொங்கும் வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். அதைக் கழற்றாமல் வீட்டுக்குப் போனதுதான் ஜெர்சன் செய்த பிழை.

அவன் இருந்தது அக்கா ஜெஸ்லின் வீட்டில். அத்தான் ஃபிராங்க்ளின், மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் தண்டல், மாலுமிகளுக்கெல்லாம் தலைவர். ஜெர்சனைத் தன் பிள்ளைபோல் வைத்துப் படிக்கவைத்தவர் அவர்தான். வெள்ளைக் கோட்டோடு தெருவில் நடந்து வந்த தம்பியைப் பார்த்ததும் ஜெஸ்லினுக்குக் கண் கலங்கிப் போயிற்று.

"எய்யா, மூளை டாக்டர் ஆயிட்டியாலே!"

"டாக்டர் இல்லக்கா. இது ஆராய்ச்சி."

"ஆராய்ச்சின்னா அதவிடப் பெரிசுல்லா," என்றாள் அக்கா.

பெரிசுதான் என்று ஜெர்சனும் விட்டுவிட்டான். பயிற்சியில் சொன்ன சொற்களை இரண்டு மாதம் திரும்பத் திரும்பச் சொன்னதில், தனக்கும் மூளையைப் பற்றி ஏதோ தெரியத்தான் செய்கிறது என்று அவனுக்கே ஒரு நினைப்பு வர ஆரம்பித்திருந்தது.

தோணிகள் கடலுக்குப் போகாத பெருங்காற்றுக் காலம் அது. அத்தான் வீட்டில் இருந்தார். தலை வலிக்கிறது என்று அடிக்கடி படுத்துக்கொண்டார். வெயிலாக இருக்கும் என்றாள் அக்கா. ஒரு நாள் காலையில் அவர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் வெகுநேரம் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, தம்பியிடம் வந்தாள்.

"தலவலி போவமாட்டேங்கி, ஜெர்சன். ஆளும் ஒரு மாதிரி இருக்காவ. பெரியாஸ்பத்திரிக்கிப் போவமான்னு பாத்தேன். பெறவு, வீட்லயே ஆளு இருக்கயில அங்கன போயி எதுக்கு வரிசையில நிக்கணும்? நீ கூட்டிட்டுப் போயி ஒங்க மிசின்ல காட்டுலே."

மிஷின் இருந்தது. மூளையைப் படம் பிடிக்கும் அந்தப் பெரிய இயந்திரம் கப்பலிலேயே வந்து இறங்கி, தரைத்தளத்தில் பச்சைப் பட்டுத்துணி போர்த்திக் கிடந்தது. இன்னும் திறப்பு விழா நடக்கவில்லை. விழாவன்று அதற்குள் முதலில் போகப்போவது துணைவேந்தரின் மூளையா, சிறப்பு விருந்தினரின் மூளையா என்பதில் இழுபறி. மூளை முன்னுரிமைக் குழு என்று ஒன்று போட்டு, அது இரண்டு முறை கூடிக் கலைந்திருந்தது.

ஃபிராங்க்ளினைக் கண்டதும் இயக்குநர் முகம் மலர்ந்துவிட்டது.

"உள்ளூர் மூளை! ஜெர்சன், இத்தனை நாள் ஏன் சொல்லல? கடலோர மூளைன்னு திட்டத்துல எழுதியிருக்கோம். ஒண்ணுகூட நம்ம கையில இல்லாம இருந்தது."

"மேடம், அவருக்குத் தலைவலி. ஒரு ஸ்கேன் மட்டும்..."

"எல்லாம் முறைப்படி வரும். முதல்ல துறைகள் பார்க்கட்டும்."

துறைகள் பார்த்தன. தமிழ்ப் பேராசிரியர் எஸ்றா ஒரு கப்பல் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் கடலில் கிடந்த மனிதர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. "அது... தண்ணில... போவும்லா, அது," என்றார்.

எஸ்றா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கவனித்தீர்களா! பெயரைச் சொல்லாமல் செயலால் சுட்டுகிறார். நெய்தல் நில மூளை!"

வில்பிரட் தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டு நடக்கச் சொன்னார். அத்தான் வலப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து சுவரில் போய் முட்டினார். "தோணியில நடந்த காலு சார்," என்று விளக்கினார் வில்பிரட். "தரையில நேரா நடந்தாத்தான் நாம கவலைப்படணும்." தேநீர்க் குவளை அத்தானின் வலக்கையிலிருந்து நழுவி உடைந்தபோது, வணிகவியல்காரர் அதை இழப்புக்கு அஞ்சாத துணிவு என்று குறித்துக்கொண்டார். கழிப்பறைக்குப் போனவர் திரும்பிவர வழி தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது, சுவர்களை ஏற்காத திறந்தவெளி உணர்வு என்று புவியியல்காரர் மகிழ்ந்தார்.

ஒவ்வொருவர் சொன்னபோதும் பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு நின்று ஜெர்சன் தலையாட்டினான். எல்லோரும் தலையாட்டினார்கள், அவனும் ஆட்டினான். இது சரியில்லையோ என்று ஒரு நினைப்பு வந்தது. இருந்தாலும் அவர்கள் தன்னைவிட மூத்தவர்கள், பேராசிரியர்கள். தனக்குக் கிடைத்ததோ நடுவில் கிடக்கும் பெயர் தெரியாத பகுதி.

வீட்டில் அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "என்ன சொல்லுதாவ?"

"நெய்தல் நில மூளைன்னு சொல்லுதாவ."

"அப்படின்னா நல்லதா?"

"நல்லதுதான்க்கா."

அவள் மாதா படத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றிவைத்தாள்.

ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. ஒரு நாள் சாயங்காலம் அத்தான் சாப்பாட்டின் நடுவில் "ஜெஸ்லினு, உப்பு குடு," என்றார். கொடுத்தாள். தட்டிவிட்டார். "உப்பு! உப்பு!" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அவர் கேட்டது தண்ணீர் என்று அவர்களுக்குப் புரிவதற்குள், கோபத்தில் தட்டை எறிந்துவிட்டு, பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தார். அவர் அழுது ஜெர்சன் பார்த்ததில்லை. அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தம்பியை ஏறிட்டுப் பார்த்தாள். அவனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் நேராக இயக்குநர் அறைக்குப் போனான்.

"மேடம், எனக்குப் பயமா இருக்கு. அவருக்கு நோய்தான்னு தோணுது."

அருணாசலவடிவு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபமில்லை. பரிவோடுதான் பேசினார்.

"ஜெர்சன், நோய்ங்கறதே ஒரு ஒற்றைத்துறைச் சிந்தனை. நீங்க தலைவலின்னு சொன்ன நிமிஷமே அந்தத் தலையை மருத்துவத்துக்கு எழுதிக் கொடுத்துடறீங்க. அப்புறம் தமிழுக்கு அதுல என்ன பங்கு? வரலாறுக்கு என்ன பங்கு? உங்க பொருளாதாரத்துக்கு என்ன பங்கு, சொல்லுங்க?"

"ஸ்கேன் ஒரு தடவை..."

"அதுல யார் முதல்ல படுக்கறதுன்னே இன்னும் முடிவாகல."

"அப்ப பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுமா?"

இயக்குநர் பதறிவிட்டார். "இப்பவா? மருந்து உள்ளே போச்சுன்னா மூளை மாறிடும். நம்ம முடிவெல்லாம் கெட்டுடும். வியாழக்கிழமை திறப்பு விழா. மேடையில அவரை உட்கார வைக்கப்போறோம். அது முடியட்டும், எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க. நாலு நாள் என்ன ஆயிடப்போகுது?"

ஜெர்சன் அதற்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான்.

வியாழக்கிழமை பந்தல் நிறைந்திருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஃபிராங்க்ளினை மேடையில் உட்கார வைத்து, முன்னால் 'கடலோர மூளை' என்று அட்டை வைத்திருந்தார்கள். ஜெஸ்லின் பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் இருந்தாள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால் இயக்குநர் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஒரு மனிதரைப் பல நோக்கில் பார்க்க இந்த மாவட்டத்தில் வேறு இடம் இல்லை. இந்த மையத்தில் இவரைப் பார்க்காத துறையே கிடையாது!"

அவர் அதைச் சொல்லும்போதே ஃபிராங்க்ளினின் தலை முன்னால் சரிந்தது. வெள்ளைச் சட்டை முழுக்க வாந்தி. நாற்காலியிலிருந்து வலப்பக்கமாகக் கழன்று மேடையில் விழுந்தார்.

"அவர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்," என்றது ஒலிபெருக்கி. கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள்.

ஜெஸ்லின் மேடை ஏறிவிட்டாள். "ஏங்க! ஏங்க!" ஒரு கண் பாதி மூடியிருந்தது. மூச்சு குறட்டைபோல் இழுத்தது. ஜெர்சன் அவரைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். அங்கே மையத்தின் புது ஆம்புலன்ஸ், முகப்பில் சிவப்பு நாடா கட்டி, மாலை போட்டு நின்றது. ஓட்டுநர் கதவைத் திறக்கவில்லை.

"கொடியசைக்கணும் சார். சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைக்காம வண்டி நகரக்கூடாதுன்னு உத்தரவு."

"ஆளு சாகப்போறாருய்யா!"

"எனக்குப் புரியுது சார். அவங்க ஆறுமுகநேரி தாண்டிட்டாங்களாம். இப்ப வந்துருவாங்க."

வில்பிரட்டும் ஓடிவந்து, "பத்து நிமிஷம் பொறுங்க ஜெர்சன், முறையா போயிரலாம்," என்றார். அதற்குள் ஜெஸ்லின் சாலைக்கே போய்விட்டாள். பட்டுச்சேலையோடு நடுரோட்டில் நின்று கையை விரித்து ஒரு லோடு ஆட்டோவை மறித்தாள். மீன் இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி. ஈரத்தரையில் செதில்களும் உடைந்த ஐஸும் கிடந்தன. ஜெர்சன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிச் சுருட்டி அத்தான் தலைக்கு அடியில் வைத்தான். வண்டி கிளம்பியபோது பின்னால் நாதசுரம் ஆரம்பித்தது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் போலிருக்கிறது.

பெரியாஸ்பத்திரியில் ஓர் இளம்பெண் டாக்டர், தூக்கமில்லாத கண்களோடு, விளக்கடித்து அத்தானின் கண்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தலையில எப்பயாவது அடிபட்டுச்சா?"

ஜெஸ்லின் முழித்தாள். "அடின்னா... கடைசித் தோணி நடையில பாய் இறக்கயில கப்பி வந்து மண்டையில தட்டுச்சுன்னாவ. ரத்தம்லாம் வரல. ரெண்டு மாசம் ஆச்சும்மா."

இத்தனை நாளில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் ஜெர்சனுக்கு உறைத்தது. அவனும் கேட்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தோடு வந்தாள். "மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு தேங்கியிருக்கு. அது அழுத்துது. உடனே துளை போட்டு எடுக்கணும். தலைவலி எப்பருந்து?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

"அப்பவே வந்திருந்தா சின்ன விஷயம்மா. ஏன் இத்தனை நாள் விட்டீங்க? வீட்ல படிச்சவங்க யாரும் இல்லையா?"

ஜெஸ்லின் தம்பியைக் கையால் காட்டினாள். இன்னமும் அவள் குரலில் பெருமை மிச்சமிருந்தது. "என் தம்பி இருக்கான்லா. மூளைக் காலேஜ்ல டாக்டரு. அவன்தான் பாத்துக்கிட்டிருந்தான்."

டாக்டர் அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன ஸ்பெஷாலிட்டி?"

நடைபாதையில் ஸ்டிரெச்சர் ஒன்று கடகடவென்று போயிற்று. அது போகும்வரை ஜெர்சன் காத்திருந்தான்.

"எகனாமிக்ஸ்," என்றான்.

டாக்டர் கையெழுத்துப் போடவேண்டிய தாளை ஜெஸ்லினிடம் நீட்டிவிட்டு உள்ளே போனாள்.

அத்தான் பிழைத்துக்கொண்டார். கண் திறந்தார், அக்காவை அடையாளம் தெரிந்தது. வலக்கையில் பிடிமானம் மட்டும் திரும்பவில்லை. பேச்சு, சொல் சொல்லாக, நடுவில் நின்று தேடித் தேடி வந்தது. பயிற்சி செய்தால் இன்னும் கொஞ்சம் தேறும் என்றார்கள். ஆனால் தோணிக்குப் போவது இனி நடக்காது.

மூன்றாம் நாள் செய்தித்தாளில் படம் வந்திருந்தது. மேடையில் அத்தான் உட்கார்ந்திருக்கும் படம். 'மாலுமியின் மூளைக் கோளாறை முன்கூட்டியே கண்டறிந்த பல்துறை மையம்' என்று தலைப்பு. உடனடியாக மருத்துவமனைக்கு அனுப்பி உயிர்காத்த உறுப்பினர் ஜெர்சனுக்கு இயக்குநர் பாராட்டு. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அக்கா அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"நீ கண்டுபிடிச்சன்னு போட்டிருக்கே. என்னலே கண்டுபிடிச்ச?"

"ஒண்ணுமே கண்டுபிடிக்கலக்கா. எனக்கு மூளையப் பத்தி ஒண்ணும் தெரியாது. அங்கன இருக்கிற யாருக்குமே தெரியாது." மையத்தில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான்.

அவள் செய்தித்தாளை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"அவிய சொவர்ல போயி முட்டுனத நீ நின்னு பாத்த."

"பாத்தேன்."

"தண்ணிக்கு உப்புன்னு சொன்னதயும் கேட்ட."

"கேட்டேன்."

"ஒனக்குத் தெரியாதுன்னு தெரியும்லா. பெறவு ஏம்லே தலையத் தலைய ஆட்டிட்டு வந்து எங்கிட்ட நல்லதுன்னு சொன்ன?"

கேட்டுவிட்டு அவள் எழுந்து வார்டுக்குள் போய்விட்டாள். வீடு திரும்பிய பிறகும் சோறு போட்டாள், பேசவில்லை.

மையத்தில் இயக்குநர் ஓர் ஆய்வுக் கட்டுரையோடு காத்திருந்தார். நெய்தல் நில மூளையைப் பற்றியது. எல்லாத் துறையும் கையெழுத்துப் போட்டிருந்தது. அறைச் சுவரில் சிறப்பு விருந்தினரின் மூளைப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டி, சந்தன மாலையும் சாத்தியிருந்தார்கள். அதில் என்ன தெரிகிறது என்று வாசிக்க ஆள் இல்லை.

"நான் போட மாட்டேன் மேடம்," என்றான் ஜெர்சன். "அவர் மண்டைக்குள்ள இருந்தது ரத்தம்."

அருணாசலவடிவு அவனை வருத்தத்தோடு பார்த்தார். "நீங்களுமா ஒரே துறையா யோசிக்கிறீங்க!"

பல்துறை மனப்பான்மை போதவில்லை என்ற குறிப்போடு அவனைப் பொருளாதாரத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அவன் இடத்துக்குப் புள்ளியியல் துறையில் மதியம் தனியாக இருந்த ஒருவரைப் பிடித்துப் போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில், அக்கா அத்தானின் இடக்கையைப் பிடித்துப் படியிறங்கிக்கொண்டிருந்தாள். ஜெர்சன் இரண்டு அடி தள்ளிப் பின்னால் வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் தன் மகளை இழுத்து வந்தாள்.

"பேப்பர்ல வந்த மூளை டாக்டர் நீங்கதானே சார்? பிள்ளைக்கி ரெண்டு நாளா ஒரு பக்கம் மரத்துப் போவுது, செத்த பாருங்களேன்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெர்சன் வாயைத் திறப்பதற்குள் ஜெஸ்லின் நின்றாள். திரும்பாமலே, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

"அவன்ட்ட கேக்காதீய. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. காலேஜ்ல கணக்குவழக்குப் பாடம் எடுக்கான். நீங்க இப்பவே பெரியாஸ்பத்திரிக்கிப் போங்க. நாளைக்கின்னு வைக்காதீய."

அந்தப் பெண் குழம்பிப்போய் அவனைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றான் ஜெர்சன். "எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டு அவர்களுக்கு ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு ஓடினான்.